ஏழாம் பத்தியில் ஒரு பூஜ்யம்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொன்னவன் எங்கள் அலுவலகத்துப் பக்கம் வந்ததே இல்லை. முப்பத்தெட்டு வருடம் நான் அந்தச் சுரைக்காயைத்தான் நறுக்கி, தாளித்து, கெய்ரோவுக்கு அனுப்பிவைத்தேன். அங்கே உப்பு சரியா என்று பார்த்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம் அனுப்பச் சொல்லிக் கடிதம் போட்டார்கள்.

என் பெயர் பிஷாரா. நைல் நதியின் மேற்குக் கரையில் ஒரு மாவட்டக் கல்வி அலுவலகம். அதில் புள்ளிவிவரப் பிரிவுக்கு நான் தலைவன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். ஆகையால் உண்மையைச் சொல்லலாம், அதிலும் கொஞ்சம் கூட்டியே சொல்லலாம், என்னை யாரும் இடமாற்றம் செய்ய முடியாது.

எங்கள் பிரிவில் என்னைச் சேர்க்காமல் பதினொரு பேர். பதினொருவரும் ஆசிரியர்கள். கரும்பலகைத் தூசி நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றோ, மாமனார் சட்டசபை உறுப்பினர் என்றோ, ஏதாவது ஒரு நோயின் காரணமாகப் பள்ளியை விட்டு அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தவர்கள். வேதியியல் ஆசிரியர் கோப்புகளுக்குக் கயிறு கட்டுவார். மூன்று ஆங்கில ஆசிரியைகள் அவரை அரபியில் கேலி செய்வார்கள். அந்தக் கட்டடம் முழுக்கத் தேடினால் கணக்கு ஆசிரியர்கள் மட்டும் நாற்பது பேர் தேறுவார்கள். தேநீர் போடும் பக்கீத் தினமும் சாயங்காலம் கோப்பைகளை எண்ணும்போது ஒன்று குறையும். நாற்பது பேரில் ஒருவருக்கும் அது எங்கே போனது என்று கண்டுபிடிக்கத் தெரிந்ததில்லை. அந்த பக்கீத்தே எங்கள் அட்டவணையில் 'ஆய்வக உதவியாளர்'. தண்ணீரைக் கொதிக்க வைக்கிறாரே, அது ஆய்வு இல்லையா?

வருடத்துக்கு ஒரு நாள், நவம்பர் பதினைந்து, பள்ளிகளை எண்ணும் நாள். ஒவ்வொரு பள்ளியும் பாடத்துக்கு ஒரு வரியாகப் படிவம் ஒன்று நிரப்பும். அதில் ஆறாம் பத்தி, ஏட்டில் உள்ள ஆசிரியர்கள். ஏழாம் பத்தி, வகுப்பில் நிற்கும் ஆசிரியர்கள். ஆறாவதில் பள்ளி எண்ணை எழுதும். ஏழாவதை வெறுமையாக விட்டு அனுப்பும், அதில் நாங்கள் 'மேற்படி' என்று போடுவோம். எழுதி எழுதிக் கை ஓய்ந்ததால் அந்த ஒரு சொல்லுக்கு ரப்பர் முத்திரையே செய்து வைத்திருந்தோம். என் காலத்தில் மட்டும் நான்கு முத்திரைகள் தேய்ந்துபோயின.

விளைவு என்ன தெரியுமா? எங்கள் மாவட்டத்தில் பதினான்கு பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். சுவிட்சர்லாந்துக்காரன் அந்தப் பக்கத்தைப் பார்த்தால் குடும்பத்தோடு படகேறி வந்துவிடுவான். வந்து பார்த்தால் ஒரு வகுப்பில் எண்பத்து நான்கு பேர் இருப்பார்கள். ஜன்னல் திட்டில் இரண்டு பேர், மேற்பார்வையாளர் நாற்காலியில் ஒருவன். மேற்பார்வையாளர் வரும் நாளில் அந்த ஒருவனுக்கு விடுமுறை. கல்விச் செலவு என்ற பக்கமும் அப்படியே கொழுத்திருந்தது. ஆசிரியர்கள் நடந்துபோகும் பாலம், பிள்ளைகள் எட்டிப் பார்க்கும் விளையாட்டரங்கச் சுவர், எங்கள் இயக்குநர் வீட்டு வாசலில் நின்ற இரண்டு பேரீச்ச மரம் எல்லாம் அதில் சேர்த்தி. சுண்ணக்கட்டி மட்டும் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும்.

இவையெல்லாம் எனக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தன. ஒளிப்பானேன், ரசித்துத்தான் செய்தேன். அந்த செப்டம்பர் வரை.

என் ஓய்வுக்கு ஆறு மாதம் பாக்கி இருந்தபோது அப்லா இன்ஷிராஹ் வந்தார். ஆசிரியைகளை எங்கள் ஊரில் அப்லா என்றும், என்னைப் போன்ற படித்த ஆண்களை உஸ்தாத் என்றும்தான் எல்லோரும் கூப்பிடுவோம். இவர் எதிர்க்கரையில் உள்ள நஸ்லத் கும்மேஸ் கிராமத்தின் பெண்கள் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை. செருப்பில் ஆற்றுச் சேறு, கையில் கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பை. அதிலிருந்து ஓர் உறையை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"உஸ்தாத் பிஷாரா, இது முப்பத்தொண்ணாவது கடுதாசி."

"முப்பதையும் பத்திரமா வச்சிருக்கேன் அப்லா. ஒண்ணுகூடத் தொலையல."

"தொலைச்சிருந்தாலாவது 'தொலைஞ்சு போச்சு'ன்னு ஒரு பதில் வந்திருக்கும்."

பக்கீத் சிரித்துவிட்டு, அவருக்கு மட்டும் சர்க்கரை கூடுதலாகப் போட்ட தேநீரை வைத்தார்.

விஷயம் இதுதான். நஸ்லத் பள்ளியில் கடைசி வகுப்பில் கணிதப் பிரிவு எடுத்த பெண்கள் ஒன்பது பேர். அந்தக் கிராமத்தில் பெண்கள் கணிதப் பிரிவுக்கு வந்ததே அதுதான் முதல் தடவை. ஜூனில் பொதுத்தேர்வு. பொறியியலோ கட்டடக்கலையோ படிக்க வேண்டும் என்றால் அந்த வழியாகத்தான் போக வேண்டும். ஆனால் கணக்கு ஆசிரியர் கிடையாது. ஏட்டில் இருந்தார், பெயர் மித்வல்லி. சம்பளமில்லா விடுப்பில் வளைகுடாவுக்குப் போய்ப் பதினொரு வருடம். ஒவ்வொரு கோடையிலும் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பெட்டி பேரீச்சம்பழம் வரும், விடுப்பு இன்னொரு வருடம் நீளும். நல்ல பழம், பொய் சொல்லக் கூடாது.

"மித்வல்லி எங்க உஸ்தாத்?"

"ஆறாம் பத்தியில இருக்காரு."

"நான் ஆளைக் கேட்டேன்."

"ஆளு வேணும்னா புதுசா எடுக்கணும். ஆள் எடுக்கறதை நிறுத்தி எத்தனை வருஷமாச்சுன்னு உங்களுக்கே தெரியும். அதுவும் மித்வல்லி பேரு இருக்கறப்போ அந்த இடம் காலியே இல்ல. தனிப்பாடம் சொல்லித்தர யாரையாவது புடிச்சீங்களா?"

"ஆத்தைத் தாண்டி வரணும்னு சொன்னதும் எல்லாருக்கும் கால்வலி வந்துடுது."

"அப்ப பிள்ளைங்களை இந்தக் கரைக்கு அனுப்பிடுங்களேன்."

"எட்டு அப்பன்மாரு முடியாதுன்னுட்டாங்க. ஒன்பதாவது ஆளு சரின்னாரு. அப்புறம் அந்த எட்டுப் பேரைப் பாத்துட்டு அவரும் முடியாதுன்னுட்டாரு."

"அப்ப யாருதான் கணக்கு நடத்தறது?"

அவர் பையைத் திறந்து ஒரு தடித்த நோட்டை எடுத்தார். கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது.

"நான்தான்."

தலைமையாசிரியை என்றாலும் இன்ஷிராஹ் நடத்தும் பாடம் மனையியல். மாவு பிசையவும் பித்தான் தைக்கவும் சொல்லித்தர நியமிக்கப்பட்டவர். விடியற்காலையில் எழுந்து, நுண்கணிதம், நிலையியல், இயக்கவியல் என்று ஒவ்வொரு பாடமாகத் தானே படித்து, எட்டு மணிக்கு அதை அந்தப் பெண்களுக்கு நடத்திக்கொண்டிருந்தார்.

"ஒரு பாடம் முன்னாடி ஓடிட்டிருக்கேன் உஸ்தாத். மூச்சு வாங்குது. அதுல ரதீபான்னு ஒருத்தி, அவ என்னைவிட ரெண்டு பாடம் முன்னாடி ஓடறா. நூத்துப் பன்னெண்டாம் பக்கத்துல ஒரு தொகையீட்டுக் கணக்கு, ஒரு வாரமா தொண்டையில மாட்டின மீன்முள்ளு மாதிரி நிக்குது. இப்படியே போனா ஜூன்ல ஒன்பதும் தோக்கும். நான் தோத்தா பரவால்ல, எனக்கென்ன, பணியாரம் சுடத் தெரியும். எனக்கு ஒரே ஒரு ஆளு வேணும். உயிரோட. கையில சுண்ணக்கட்டியோட."

அவர் போன பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை என்று மரியாதையாகச் சொல்கிறேன். குறும்பு என்பதுதான் சரி. முப்பத்தெட்டு வருடம் மேற்படி போட்டாயிற்று. போகிற போக்கில் ஒரே ஒரு தடவை ஏழாம் பத்தியில் உண்மையை எழுதிவிட்டுப் போனால் என்ன? அந்த வருடம் கெய்ரோவிலிருந்து சுற்றறிக்கை ஒன்றும் வந்திருந்தது. ஏழாம் பத்தியில் குறைவு காட்டும் பள்ளிகள் மீது உடனடியாக நடவடிக்கை எடுக்கப்படும் என்று அதில் இருந்தது. ஒப்பந்த ஆசிரியர்கள் கொஞ்சம் பேரை எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சும் அடிபட்டது. இரண்டையும் சேர்த்து நான் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். சுற்றறிக்கையில் ஒப்பந்த ஆசிரியர் என்ற சொல்லே கிடையாது. ஆனால் எங்கள் அலுவலகத்தில் இல்லாததைக் கூட்டிப் படித்துத்தானே எனக்குப் பழக்கம்.

நவம்பர் பத்தாம் தேதி நானே படகேறி நஸ்லத்துக்குப் போனேன். படிவத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அப்லா இன்ஷிராஹ் பேனாவை எடுத்தார், அந்தக் கட்டத்தைப் பார்த்தார், மறுபடி மூடினார்.

"வேண்டாம் உஸ்தாத். மித்வல்லி பேரு உளுத்த முட்டுக்கட்டைதான். ஆனா சுவரு அதுமேலதான் சாஞ்சிருக்கு. பேரு இருக்கறதாலதான் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு."

"அப்லா, கெய்ரோக்காரன் கண்ணு எழுத்தைத் தாண்டிப் போகும், பூஜ்யத்தைத் தாண்டாது. அத்தனை மேற்படிக்கு நடுவுல ஒரு பூஜ்யம் கெடந்தா, மந்திரியே எழுந்திரிச்சு நின்னு 'யாருடா இது'ம்பான்."

"எழுந்திரிச்சு நின்னு என்ன பண்ணுவான்?"

"ஆள் அனுப்புவான். வேற என்ன பண்ணுவான்?"

"நீங்க நிச்சயமாச் சொல்றீங்களா?"

"முப்பத்தெட்டு வருஷம் அப்லா! அவங்க எப்பத் தும்முவாங்கன்னுகூட எனக்குத் தெரியும்."

அவர் நம்பினார். நம்பினார் என்றுகூடச் சொல்ல முடியாது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வாரமாக நின்றவருக்கு நம்புவதைத் தவிர வேறு வேலை இல்லை. '0' என்று சுத்தமாக, வட்டமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். பித்தான் தைத்த கை. அவ்வளவு அழகான பூஜ்யத்தை அந்த அலுவலகம் பார்த்ததில்லை.

இனி இயக்குநரைத் தாண்ட வேண்டும். எங்கள் இயக்குநர் ஹம்தான் முன்பு உடற்பயிற்சி ஆசிரியர். எல்லோரும் அவரைப் பாஷா என்போம். பழைய விசில் இன்னும் கழுத்தில் தொங்கும். கூட்டத்தில் யாராவது உண்மை பேச ஆரம்பித்தால் ஊதிவிடுவார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். நானூற்றுப் பன்னிரண்டு பக்கத் தொகுப்பை அவர் முன்னால் வைத்தேன்.

"எல்லாம் மேற்படிதானே பெரியவரே?"

"மேற்படிதான் பாஷா. ஒரே ஒரு எடத்துல முத்திரை கொஞ்சம் தேஞ்சு போச்சு."

"புதுசா ஒண்ணு செஞ்சுக்கங்க. நீங்க போறதுக்குள்ள முத்திரை இல்லாம போயிட்டா, வர்றவன் எண்ண ஆரம்பிச்சிடப் போறான்."

கையெழுத்துப் போட்டார். நான் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினேன். அறுபது வயதில்!

அதன் பிறகு இரண்டு மாதம் நஸ்லத்தில் நடந்ததை நேரில் பார்த்தேன். ஏனென்றால் வாரம் ஒரு தடவை ஏதாவது சாக்கு வைத்துப் படகேறிவிடுவேன். வரப்போகும் ஆசிரியர் தங்குவதற்காகப் பள்ளியின் பின்னால் இருந்த சாமான் அறையைக் காலி செய்து சுண்ணாம்பு அடித்தார்கள். ஒருத்தி வீட்டிலிருந்து கட்டில் வந்தது, இன்னொருத்தி வீட்டிலிருந்து மெத்தை. அப்லா இன்ஷிராஹ் திரைச்சீலை தைத்தார்; அது அவருடைய சொந்தப் பாடம் அல்லவா, ஒரு தையல் பிசகவில்லை. வருகிறவர் எந்த ஊர்க்காரரோ, வெயிலில் புளிக்கவைத்த எங்கள் ரொட்டி அவருக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ என்று அம்மாக்கள் கவலைப்பட்டார்கள். எங்கள் ஊரில் பள்ளி வாரம் தொடங்குவது ஞாயிற்றுக்கிழமை; அன்று காலைப் படகு வரும்போதெல்லாம் ஒன்பது பெண்களும் மாடி ஜன்னலில் நிற்பார்கள். படகிலிருந்து ஆடு இறங்கும், எரிவாயு உருளை இறங்கும், நான் இறங்குவேன்.

"இன்னிக்கும் உஸ்தாத் பிஷாராதான்," என்று மேலிருந்து ஒரு குரல் கேட்கும். அது ரதீபா. "இவரைக் கழிச்சுட்டா மீதி பூஜ்யம்."

எனக்கு அந்தப் பெண்ணை மிகவும் பிடித்துப்போயிற்று.

ஜனவரி இரண்டாம் வாரம் கெய்ரோவிலிருந்து கடிதம் வந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள்: முப்பத்தெட்டு வருடத்தில் எங்கள் எண்ணை ஒருவன் உண்மையிலேயே படித்துப் பார்த்துவிட்டு எழுதிய ஒரே கடிதம். பாஷா என்னைக் கூப்பிட்டார். கோபமாக இருப்பார் என்று போனால், முகமெல்லாம் பல்.

"பெரியவரே, உக்காருங்க. திருட்டுத்தனமா பூஜ்யம் போட்டிருக்கீங்க."

"ஆமா பாஷா."

"முதல்ல உங்களை ஆத்துல தூக்கிப் போடலாம்னுதான் நெனச்சேன். அப்புறம் இதைப் படிச்சேன். பாருங்க, எவ்ளோ சுலபமா முடிச்சிட்டாங்க!"

படித்தேன். நஸ்லத் கும்மேஸ் பெண்கள் பள்ளியில் கணிதத்துக்கு ஆசிரியர் இல்லை என்று தெரியவந்திருப்பதால், அங்கே கணிதப் பிரிவு நடத்தத் தகுதி இல்லை. பிரிவு உடனடியாக மூடப்படுகிறது. தேர்வுப் பதிவு முடிய இன்னும் ஒன்பது நாள் இருப்பதால், அந்த ஒன்பது மாணவிகளும் கலைப் பிரிவுக்கு மாற்றப்படுகிறார்கள். மித்வல்லி என்பவரின் இடம் நீக்கப்படுகிறது. பற்றாக்குறையை நேர்மையாகக் காட்டிய மாவட்டத்துக்குப் பாராட்டுகள்.

"பாஷா, இது தப்பு. நான் எழுதினதுதான் தப்பு. ஏழாம் பத்தியில எழுத்துப் பிழைன்னு ஒரு கடுதாசி போட்டுடறேன். மித்வல்லி நாளைக்கே வர்றாருன்னு எழுதறேன். நேத்தே வந்துட்டாருன்னு எழுதறேன்."

"பெரியவரே, பொய் சொல்லாதீங்க," என்றார் பாஷா. விசிலை வைத்து என் கையை மெல்லத் தட்டினார். "எண்ணு கம்ப்யூட்டருக்குள்ள போயிடுச்சுன்னா அது அரசாங்கத்தோட சொத்து. திருத்தம் அடுத்த நவம்பர்ல."

ஆனாலும் எழுதினேன். ஒரே நாளில் நான்கு கடிதம். முப்பத்தெட்டு வருடம் ஊரையே ஏமாற்றிய கை, ஒரே ஒரு பொய்யை யாருக்காவது பயன்படும்படி எழுத முயன்றது, எடுபடவில்லை. பதிலும் பாஷா சொன்னதுதான்: திருத்தம், அடுத்த நவம்பர்.

பிரிவை மூடச் சொல்லிப் பாஷா பள்ளிக்கு எழுதிய கடிதத்தைத் தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. நானே எடுத்துப் போனேன். படகிலிருந்து இறங்கும்போது ஜன்னலில் யாரும் இல்லை, வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கதவருகே நின்றேன். அப்லா இன்ஷிராஹ் கரும்பலகையில் ஒரு சரிவு வரைந்து, அதன் மேல் ஒரு பெட்டி வரைந்து, பெட்டி ஏன் வழுக்கவில்லை என்று விளக்கிக்கொண்டிருந்தார். முழங்கை வரை சுண்ணத்தூள். என்னைப் பார்த்ததும் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று.

கடிதத்தை நீட்டினேன். அங்கேயே நின்று படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"அப்லா, நான்..."

"எந்தத் தேதியிலேர்ந்து உஸ்தாத்?"

"இன்னிக்குத் தேதிதான் பாஷா போட்டிருக்காரு."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி அடிக்க இன்னும் இருபது நிமிஷம் இருக்கு," என்றார். கடிதத்தை மடித்து மேலங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு பலகைப் பக்கம் திரும்பி, "பெட்டியோட எடை எந்தப் பக்கம் இழுக்குது? ரதீபா, நீ சொல்லாத. மத்தவங்க சொல்லுங்க," என்றார்.

இருபது நிமிடமும் நான் அங்கேயே நின்றேன். வசவு எதுவும் விழவில்லை. ஒரே ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால்கூட அதை வைத்துக்கொண்டு ஊர் முழுக்கக் கதை பண்ணியிருப்பேன்.

மார்ச்சில் ஓய்வு பெற்றேன். கேக் வெட்டினார்கள். நாற்பது கணக்கு ஆசிரியர்கள் சேர்ந்தும் அதைச் சமமாகப் பங்கு போட முடியவில்லை. வேதியியல் ஆசிரியருக்குத் துண்டு கிடைக்கவில்லை.

கோடையில் வருடத் தொகுப்பு அச்சாகி வந்தது, பளபளவென்று, வெள்ளி எழுத்தில். எங்கள் மாவட்டத்தில் கணித ஆசிரியர் பற்றாக்குறை: இல்லை. இல்லாத பிரிவுக்கு ஏது பற்றாக்குறை? பல்கலைக்கழகம் போகும் பெண்களின் விகிதமும் ஏறியிருந்தது. அந்த ஒன்பது பேரில் ஏழு பேர் நாலு மாதத்தில் வரலாறும் உளவியலும் மனப்பாடம் செய்து தேறிவிட்டார்கள். ஏழு பேருக்கும் கலைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. நஸ்லத் கும்மேஸிலிருந்து அத்தனை பெண்கள் ஒரே வருடத்தில் பல்கலைக்கழகம் போனதே இல்லை. கோடு போட்ட படத்தில் எங்கள் கோடு கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே போனது. முன்னுரையில் எனக்கு நன்றி சொல்லியிருந்தார்கள், பெயரோடு. வாசலில் பேரீச்ச மரம் வைத்திருந்த பாஷாவுக்கு ஒரு கேடயம்.

ஓய்வு பெற்றவனுக்குப் போக வேறு இடம் ஏது? செவ்வாய்க்கிழமை தவறாமல் பழைய பிரிவுக்குப் போய், பக்கீத் கையால் ஒரு தேநீர் குடித்துவிட்டு, நாலு பேரை வம்புக்கு இழுத்துவிட்டு வருவேன். அடுத்த நவம்பரிலும் அப்படிப் போனேன். என் நாற்காலியில் ஒரு புது ஆள். கனத்த மனிதர், வெயிலில் கறுத்த முகம், மூக்கில் தங்கச் சட்டம் போட்ட கண்ணாடி.

"யாரு பக்கீத்?"

"உங்களுக்குத் தெரியாதா? நீங்க இவரு அனுப்பின பழத்தைப் பதினோரு வருஷம் சாப்பிட்டீங்களே!"

மித்வல்லி. வளைகுடாவில் உள்ளூர்க்காரர்களையே வேலைக்கு வைக்க ஆரம்பித்துவிட்டதால் செப்டம்பரில் திரும்பி வந்திருந்தார்.

"நஸ்லத்துக்குத்தான் கேட்டேன்," என்றார் என்னிடம். "வீட்டுக்காரியோட ஊரும் அதுதான். 'கணிதப் பிரிவே இல்ல, பற்றாக்குறையும் இல்ல, உம்மை எங்க வக்கிறது'ன்னு பாஷா இங்க போட்டுட்டாரு. நல்லவேளை, வேலை கஷ்டமில்ல."

அவர் கையில் ஐந்தாவது முத்திரை இருந்தது. புதிது, எழுத்து பளிச்சென்று விழுந்தது.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அப்லா இன்ஷிராஹ் உள்ளே வந்தார். அதே பை, அதே ஆற்றுச் சேறு. படிவம் கொடுக்க வந்திருந்தார். என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையை அசைத்தார். என் நாற்காலியில் இருந்தவரிடம் படிவத்தை நீட்டினார்.

"அப்லா, இவருதான் உஸ்தாத் மித்வல்லி," என்று பக்கீத் சொல்லிவிட்டார். அந்த ஆளுக்கு வாய் சும்மா இராது.

அப்லா மேலிருந்து கீழ் வரை ஒரு தடவை மித்வல்லியைப் பார்த்தார். அவர் கையில் இருப்பது சுண்ணக்கட்டி அல்ல, முத்திரை என்பதையும் பார்த்தார்.

"நீங்க மெய்யாவே இருக்கீங்களா?"

"இருக்கேன் அப்லா," என்றார் மித்வல்லி. பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "உங்க பிரிவை மூடிட்டாங்களாமே. கேள்விப்பட்டேன்."

அப்லா இன்ஷிராஹ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பையிலிருந்து அந்தத் தடித்த நோட்டை எடுத்தார். இன்னும் அதைச் சுமந்துகொண்டு திரிகிறார் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஓரம் மடித்து வைத்த ஒரு பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தார்.

"இதை மட்டும் கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா? நூத்துப் பன்னெண்டாம் பக்கம். கடைசிவரைக்கும் புரியாம அப்படியே தாண்டிப் போயிட்டேன்."

மித்வல்லி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். முத்திரையைக் கீழே வைத்தார். பேனா எடுத்து நாலு வரி எழுதினார். அந்த நாலு வரியில் அவர் முகமே மாறிப்போயிற்று. பத்து வயது குறைந்தது என்று நான் சொன்னால் நீங்கள் கழித்துக்கொள்வீர்கள், ஐந்து என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேதியியல் ஆசிரியர்கூடக் கயிற்றை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இங்க ரெண்டாப் பிரிக்கணும் அப்லா. பிரிச்சுட்டா அதுவே வழி விட்டுடும். பாருங்க, அவ்ளோதான்."

அப்லா இன்ஷிராஹ் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். கடைசி வரிக்கு வந்ததும் விரல் நின்றது.

"ரதீபா இதைத்தான் போட்டா," என்றார். "இதே மாதிரி ரெண்டாப் பிரிச்சா. நான்தான் தப்புன்னு சிவப்பு மையில அடிச்சுக் குடுத்தேன்."

"கெட்டிக்காரப் பொண்ணு. எந்தக் காலேஜ்ல இருக்கா?"

"பிரிவு மூடின மாசமே அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு."

நோட்டை மூடினார். அதைப் பைக்குள் வைப்பதா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்த மாதிரி இருந்தது. வைத்துக்கொண்டார். பக்கீத் கொண்டுவந்த தேநீரை, "படகு போயிடும்," என்று சொல்லி வேண்டாம் என்றார். நான் வாசல் வரை கூடவே போனேன். சொல்ல ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன். எனக்கு எப்போதும் ஏதாவது இருக்கும்.

"அப்லா, அந்தத் திரைச்சீலை..." என்றேன்.

"கட்டிலைத் திருப்பிக் குடுத்துட்டோம் உஸ்தாத்," என்றார். "திரைச்சீலை அங்கேயேதான் தொங்குது. யாரும் கேக்கல."

நான் உள்ளே திரும்பியபோது மித்வல்லி அப்லாவின் படிவத்தை எடுத்து, கணக்குப் போனபின் அப்லா மறுபடி நடத்திக்கொண்டிருந்த மனையியல் என்ற வரியில் ஆறாம் பத்தியைப் பார்த்தார். ஒன்று. முத்திரையை மையில் ஒற்றி, ஏழாம் பத்தியில் 'மேற்படி' என்று குத்திவிட்டு அடுத்த தாளை எடுத்தார். முதல் தடவையாக எங்கள் அலுவலகத்தில் அந்தச் சொல் உண்மையாக இருந்தது.